விரலா, வில்லையா?

பாட்டு இனிது என்பதைக் காது சொல்ல வேண்டும். பாடுகிறவன் வாயைப் பார்த்துக் கண் சொல்லலாகாது. இஃது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மையே. ஆயினும் சங்கீத விஷயத்தில் நம்மவர்கள் இவ்வுண்மையை எவ்வளவு எளிதில் மறந்துவிடுகிறார்கள் என்பதற்கு, அண்மையில் பத்துமலை அடிவாரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் நான் கண்ட காட்சியே போதிய சான்றாகும்.

அன்றைய விருந்தில் ஓர் இசைக்குழு வாசித்தது. அக்குழுவுக்கு பேஸ் கிட்டார் வாசிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் தோட்டத்துச் செம்பனைக் குலை வெட்டும் இளைஞன் ஒருவனுக்கு மூன்று பாடல்கள் பரீட்சையாகக் கொடுத்தார்கள். அவன் வாசித்தான். கூட்டம் கை தட்டிற்று. ஆனால் குழுவின் மூத்த வாத்தியக்காரர் மேடைக்குப் பின்னால் அவனை அழைத்து, "தம்பி, வில்லையைப் பிடித்துத் தந்தியைக் கீறுவது கிட்டார்காரன் வேலை. பேஸ் என்றால் விரல். விரலால் வாசிக்கத் தெரியாதவனுக்கு இங்கே இடமில்லை" என்று சொல்லிவிட்டார். பையன், "சரிங்க மாஸ்டர்" என்று கூறிப் பெட்டியை மூடினான். அவ்வளவுதான் விசாரணை, அவ்வளவுதான் தீர்ப்பு.

இதில் நான் மறைக்கக்கூடாத ஒரு செய்தி உண்டு. அந்நேரத்தில் என் மனமும் பெரியவர் பக்கமே சாய்ந்தது. நான் ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். விரலால் வாசிப்பதே உயர்ந்தது, வில்லையால் வாசிப்பது கற்றுக்குட்டியின் வழி என்று ஆங்கிலச் சஞ்சிகைகளில் படித்து, அதை நானாகக் கண்டுபிடித்த அபிப்பிராயம்போல் பலரிடம் பேசியும் இருக்கிறேன். வீடு திரும்பும் வழியில் பையன் தன் வலக் கையை நீட்டிக் காட்டினான். ஈராண்டுகளுக்கு முன் செம்பனை முள் ஏறிய ஆள்காட்டி விரல், நடுக் கணுவில் மடங்காமல் விறைத்து நின்றது. "விரலால் வாசிக்கக் கூடாது என்று நானா சொன்னேன், கிராணி ஐயா?" என்றான். அதன் பின்னரே இவ்விஷயத்தை நான் உண்மையாக ஆராயத் தொடங்கினேன். அந்த ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

பேஸ் கிட்டாரைப் பார்த்திராத அன்பர்களுக்காகச் சில சொற்கள். இது சாதாரண கிட்டாரைவிட நீளமான, தடித்த நான்கு தந்திகளை உடைய மின்சார வாத்தியம். மிகத் தாழ்ந்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. வீட்டுக்கு அடித்தளம் எப்படியோ, மெல்லிசைக்கு இது அப்படி. தனியே கவனிக்கப்படுவதில்லை, எடுத்துவிட்டாலோ எல்லாம் ஆடிப்போகும். தந்தியை மீட்டுவதற்கு இரண்டு வழிகள் பெருவழக்காக உள்ளன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தந்தியை இழுப்பது ஒன்று. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஒரு சிறு வில்லையைப் பிடித்து மேலும் கீழுமாகத் தட்டுவது மற்றொன்று. இவ்வில்லையை வாத்தியக்காரர்கள் 'பிக்' என்று வழங்குவார்கள். பிக்கைப் பிடிக்க ஆள்காட்டி விரல் மடங்க வேண்டியதில்லை. நீட்டி அழுத்தினாலே போதும். எங்கள் பையன் வில்லைக்காரனான காரணம் இதுதான்.

இனிப் பெரியவர் கூற்றைப் பகுத்துப் பார்ப்போம். பரம்பரை வழக்கம் விரலே என்பது ஒன்று. விரலின் நாதமே உண்மையான பேஸ் நாதம் என்பது இரண்டு. தசை தந்தியைத் தொட்டால்தான் உணர்ச்சி பிறக்கும் என்பது மூன்று. பேஸ் வாசிப்பவர் பலரும் இம்மூன்றையே திருப்பித் திருப்பிச் சொல்லுகின்றனர்.

பரம்பரையை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் லியோ பெண்டர் என்பவர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது 1951ஆம் ஆண்டில். இன்று உலகெங்கும் வழங்கும் பேஸ் கிட்டாருக்கு மூலவடிவம் அதுவே. அதன் உடலில், மெல்லிய தந்திக்குக் கீழே, விரல்கள் பற்றிக்கொள்ள ஒரு சிறு கட்டையைப் பொருத்தியிருந்தார். எதற்காக? நான்கு விரல்களும் அக்கட்டையைப் பிடித்துக்கொள்ள, கட்டைவிரலால் தந்தியை மீட்டுவதற்காக! ஆகவே பெரியவர் பரம்பரை என்று போற்றும் இருவிரல் முறை வாத்தியத்தோடு பிறந்ததன்று. பின்னர் வந்து நிலைபெற்றது. வயது எழுபதைச் சற்றே கடந்த ஒரு வாத்தியத்துக்குப் பரம்பரை என்ற ஒன்றைக் கற்பித்து, அதைக் காட்டி ஒருவனை வெளியே நிறுத்துவது நியாயமாகுமா? பழையது என்பதனாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பது இருக்கட்டும்; இங்கே அது பழையதுகூட அன்று!

நிற்க. நாதத்தைப் பற்றிய வாதம் வலிவுடையது. அதை எள்ளி நகையாடுவதற்கில்லை. ஒரு தந்தியை மீட்டினால் அது முழு நீளத்தில் அதிர்வதோடு, பாதியாகவும் மூன்றில் ஒன்றாகவும் நான்கில் ஒன்றாகவும் பகுதி பகுதியாகவும் அதிர்கிறது. முழு அதிர்வு சுருதியைத் தருகிறது. பகுதி அதிர்வுகள் அச்சுருதிக்கு நிறத்தைத் தருகின்றன. கூரிய, கடினமான வில்லை தந்தியை ஒரு புள்ளியில் பிடித்து விடுவதால் நுண்ணிய பகுதி அதிர்வுகள் மிகுதியாக எழுகின்றன. தொடக்கத்தில் 'டக்' என்ற ஓசையும் தெளிவாகக் கேட்கிறது. விரல்நுனியோ அகலமானது, மெத்தென்றது. நுண்ணிய அதிர்வுகளை அது எழும்போதே அடக்கிவிடுகிறது. அதனால் நாதம் உருண்டு திரண்டு வருகிறது. ஆகவே இரண்டும் வேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் வேறு என்பதும் தாழ்ந்தது என்பதும் ஒன்றா?

மேலும் அந்த வேற்றுமை மீட்டும் பொருளை மட்டும் பொறுத்ததன்று. தந்தி தாங்கியின் அருகே மீட்டினால் நாதம் கூராகும். கழுத்தின் அருகே மீட்டினால் மழுங்கும். புதுத் தந்தி மினுங்கும், பழந்தந்தி மங்கும். தாங்கியின் அருகே ஒரு துணித்துண்டைச் செருகினால் வில்லையின் ஓசையும் அடங்கிப்போகும். உண்மையில் எவ்வளவு அடங்குகிறது என்று பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் குவார்ட்டர்ஸில் ஒரு சோதனை செய்தோம். எங்கள் பையன் வில்லையோடும், கிள்ளானிலிருந்து வந்த அவன் நண்பன் விரலோடும், ஒரே வாத்தியத்தில் ஒரே மெட்டை மாற்றி மாற்றி வாசித்தார்கள். நானும் என் மனைவியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, விரலா வில்லையா என்று தாளில் குறித்தோம். துணி செருகாமல் வாசித்தபோது பத்தையும் இருவரும் சரியாகச் சொன்னோம். துணியைச் செருகி, நாதக் குமிழையும் அடைத்து வாசித்தபோது நான் ஆறும் அவர் ஐந்துமே சரியாகச் சொன்னோம். காசைச் சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் ஐந்து வந்திருக்கும்! இருபது ஆண்டுகளாக நான் சுமந்து திரிந்த அபிப்பிராயம் ஒரு கந்தைத்துணிக்கு முன் நிற்கவில்லை.

ஒரு கிராணியின் காதை எதற்கு நம்ப வேண்டும் என்று கேட்பீர்களாயின், உலகறிந்த வித்துவான்களின் கதையைக் கேளுங்கள். டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் (1936-1983) வலக் கையின் ஆள்காட்டி விரல் ஒன்றினாலேயே பெரும்பாலும் வாசித்தவர். அவ்விரலுக்கே 'கொக்கி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கேரல் கேய் என்ற அம்மையார் (பிறப்பு 1935) முதலில் கிட்டார் வாசித்து, 1963இல் பேஸுக்கு மாறியவர். வில்லையைப் பிடித்தே ஆயிரக்கணக்கான பதிவுகளில் வாசித்தார். மோட்டவுனில் வெளிவந்த சில புகழ்பெற்ற பாடல்களில் வாசித்தது தாமே என்று கேய் அம்மையார் கூறினார். இல்லை, ஜேமர்சனே என்று மோட்டவுன் பக்கத்தார் மறுத்தனர். வழக்கு பல்லாண்டுகள் நீண்டது. அதில் யார் பக்கம் உண்மை என்பது இங்கே நம் கேள்வியன்று. ஒருவர் விரல், மற்றொருவர் வில்லை. விரலுக்கும் வில்லைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேற்றுமை எப்போதும் உண்டென்றால், இசைத்தட்டை ஒரு முறை சுழலவிட்டு ஒரு நொடியில் தீர்த்திருக்கக்கூடிய வழக்கு அன்றோ அது?

இங்கிலாந்துப் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி பெரும்பாலும் வில்லையாலேயே வாசித்தவர். ஜேக்கோ பாஸ்டோரியஸ் (1951-1987) விரலால் வாசித்துப் பேஸைத் தனி வாத்தியமாகவே உயர்த்தியவர். இவர்களுள் எவரை மேடையிலிருந்து இறக்கிவிடப் போகிறோம்? அவ்வளவு தூரம் போவானேன்? 'இளைய நிலா' (1982), 'பனிவிழும் இரவு' (1986) ஆகிய பாடல்களில் இளையராஜா அமைத்த பேஸ் நடை, பாடகரின் மெட்டுக்கு அடியில் தனியொரு மெட்டாகவே ஓடுவது. தோட்டத்து லயங்களில் அந்நடையை வாயால் முணுமுணுத்தபடியே வேலைக்குப் போனவர்களை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவராவது, அஃது எந்தக் கையுறுப்பால் வாசிக்கப்பட்டது என்று வினவியதில்லை.

இனி மூன்றாவது வாதம்: தசை தொட்டால்தான் உணர்ச்சி. இதற்கு மேலைநாட்டுச் சான்றே வேண்டியதில்லை. நம் வாத்தியங்களே விடை சொல்லும். வீணை தனம்மாள் (1867-1938) மீட்டுக்கம்பி ஏதும் அணியாமல் வாசித்துப் புகழ் பெற்றவர். விரலில் கம்பி அணிந்து வாசித்த வைணிகர்களும் உண்டு. வடநாட்டு ஸிதார் விரலில் மாட்டிய கம்பியால் மீட்டப்படுவது. ஸரோத் வாசிப்பவர் கையில் பிடிப்பதோ தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துச் செய்த வில்லை. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) மின்சார மாண்டலினைச் சிறு வில்லையால் மீட்டிக் கர்நாடக இராகங்களை வாசித்தார். முதலில் புருவம் உயர்த்தியவர்களும் பின்னர் வாய் மூடிக் கேட்டார்கள். அவர் இசையில் உணர்ச்சி இல்லையென்று எவர் சொல்லத் துணிவார்?

தவிலைப் பாருங்கள். ஒரே வாத்தியத்தில் இரு வழக்குகளும் குடியிருக்கின்றன. ஒரு முகத்தைக் குறுங்கழியால் அடிக்கிறார்கள். மறுமுகத்தை விரல்களால் வாசிக்கிறார்கள். அவ்விரல்களிலும் துணியும் மாவுப்பசையும் கொண்டு செய்த கூடுகள்! தசை தோலைத் தொடவே இல்லை. தைப்பூசத்தன்று பத்துமலைக்குக் காவடியோடு வரும் உருமியையும் பாருங்கள். வளைந்த குச்சியால் ஒரு முகம் தேய்க்கப்படுகிறது. மறுமுகம் மெல்லிய குச்சியால் அடிக்கப்படுகிறது. அந்த முனகலைக் கேட்டுக் கால் அசையாதவர் யார்? கை நேரே தொடாத அந்த வாத்தியம் ஆயிரமாயிரம் பேரை ஆட வைக்கிறதே, உணர்ச்சி எவ்வழியாக உள்ளே புகுந்தது? உணர்ச்சி வாசிப்பவன் தோலில் இல்லை. காலத்தைப் பற்றிய அவன் உணர்விலும், எதை ஓங்கி எதை ஒடுக்குவது என்ற அவன் விவேகத்திலும் இருக்கிறது.

குச்சியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. வாத்தியத்துக்கு உயர்வு தாழ்வு கற்பிப்பது நம் சமூகத்துக்குப் புதிதன்று. இரு குச்சிகளால் முழங்கும் பறையைத் தாழ்ந்தது என்றார்கள். அதை அடிப்பவனையும் தாழ்த்தினார்கள். நாதத்தைக் கேட்டா அத்தீர்ப்புச் சொன்னார்கள்? இல்லை, வாசிப்பவன் எந்தத் தெருவிலிருந்து வந்தான் என்று பார்த்துச் சொன்னார்கள். விரல், வில்லை என்ற இச்சிறு சச்சரவை அப்பெருங்கொடுமைக்கு நிகராக்க நான் முயலவில்லை. ஆனால் காதை மூடிக்கொண்டு கண்ணால் தீர்ப்பளிக்கும் பழக்கம் இரண்டுக்கும் பொது. ஒன்றை ஒழிக்க விரும்புகிறவன் மற்றொன்றைத் தன் வீட்டில் வளர்க்கலாகாது.

அப்படியாயின் இரண்டும் எங்கும் சமம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா? அது விமரிசகன் தன் கடமையைக் கைவிடுவதாகும். அன்றிரவு வாசிக்கப்பட்டவற்றையே எடுத்து எடைபோடுவோம்.

முதற்பாடல் விரைவான குத்துப்பாட்டு. மண்டபமோ தகரக் கூரையும் வழவழப்பான தரையும் உடையது. ஓசை நாற்புறமும் மோதித் திரும்பும் இடம். இத்தகைய இடத்தில் தாழ்ந்த நாதம் ஒன்றோடொன்று குழம்பிக் குளமாகத் தேங்கும். பையனின் வில்லை ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் ஆணி அடித்தாற்போல் காட்டியது. பிறகு பெரியவர் விரலால் வாசித்த விரைவுப் பாட்டில் தாளம் நமக்கு உறுமலாகவே வந்து சேர்ந்தது. இவ்விடத்தில் வெற்றி வில்லையுடையது. சிறிய ஒலிபெருக்கிகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். அவை 41 அதிர்வுகளைச் சரிவர வெளியிடமாட்டா. மேலதிர்வுகள் தெளிவாக இருந்தால், அடிச்சுருதியை நம் காதே ஊகித்துக்கொள்ளும். வில்லை அம்மேலதிர்வுகளை மிகுதியாகத் தருகிறது.

இரண்டாம் பாடலில் பையன் உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திமேல் வைத்து அடக்கி வாசித்தான். அது நன்று. ஆனால் தடித்த தந்தியிலிருந்து நடுத்தந்தியைத் தாண்டி மெல்லிய தந்திக்குப் பாயும் இடங்களில் இருமுறை தடுமாறினான். இரு விரல் உடையவனுக்கு அப்பாய்ச்சல் எளிது; ஒரு வில்லை அத்தனை தூரமும் பயணம் செய்ய வேண்டும். மீட்டாத தந்திகளைத் தொட்டு அடக்குவதும் விரல்காரனுக்கு இயல்பாக அமைவது. இங்கே விரலுக்கு அனுகூலம் உண்டு.

மூன்றாவது மெல்லிய காதற்பாட்டு. இதில் பையன் தோற்றான் என்றே சொல்லுவேன். பாடகியின் குரல் தாழ்ந்து இழையும் இடத்தில் வில்லையின் 'டக்' ஓசை, தூங்கும் குழந்தையின் அருகே கதவைச் சாத்துவதுபோல் இடறிற்று. அன்றிரவு பிற்பகுதியில் அதே போன்றதொரு பாடலைப் பெரியவர் விரலால் வாசித்தபோது, குரலுக்குக் கீழே பட்டு விரித்தாற்போல் இருந்தது. அவர் கையின் அருமையை மறுப்பவன் நன்றியற்றவன். அவர் பிழைத்தது தம் வாசிப்பில் அன்று. பிறன் வாசிப்புக்குச் சொன்ன தீர்ப்பில்.

தோட்டத்து அன்பர்களுக்கு இதை நம் தொழிலைக் கொண்டே சொல்லிவிடலாம். இளஞ்செம்பனையில் குலை தாழ இருக்கும். உளியால் குத்தி வெட்டுகிறோம். மரம் உயர்ந்துவிட்டால் நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி இழுத்து வெட்டுகிறோம். உயர்ந்த மரத்துக்கு உளியைக் கொண்டு போகிறவன் மூடன். அதற்காக உளி பிடித்தவன் குலை வெட்டுகிறவனே அல்லன் என்று சொல்லுகிறவனை என்னென்பது? கணக்கெழுதும் நான் குலையை எண்ணுகிறேன். பழுத்ததா, காயா என்று பார்க்கிறேன். ஆயுதத்தை எண்ணுவதில்லை.

ஆகவே பையனுக்கு ஒரு சொல். வில்லை உன் பிழையன்று. ஆனால் வில்லை ஒன்றே போதும் என்றிருப்பது பிழையாகும். உன் ஆள்காட்டி விரல் மடங்காவிடினும் கட்டைவிரல் நன்றாக இருக்கிறது. 1951இல் அந்த வாத்தியத்தைப் படைத்தவர் எதிர்பார்த்ததும் கட்டைவிரலைத்தான். மெல்லிய பாடல்களுக்கு வில்லையை உள்ளங்கையில் மடித்துக்கொண்டு கட்டைவிரலின் தசையால் மீட்டிப் பழகு. தந்தி தாண்டும் இடங்களை மெதுவான காலத்தில் நூறு முறை வாசி.

குழு நடத்தும் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். மேலைநாட்டுப் பேரிசைக் குழுக்கள் பலவற்றில், ஆள் தேர்ந்தெடுக்கும்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னே அமர்த்திக் கேட்கும் வழக்கம் 1970களிலிருந்து பரவிற்று. ஆணா பெண்ணா, யார் மாணாக்கர், எந்த நிறத்தவர் என்று கண் குறுக்கிடாதிருக்கவே அவ்வேற்பாடு. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பத்துமலையிலும் மேடையேறும் நம் குழுக்கள் அதைச் செய்வதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. ஒரு வேட்டியைக் குறுக்கே கட்டினால் போதும்.

அந்த வேட்டியின் பின்னே எங்கள் பையனை இன்னொரு முறை உட்கார வையுங்கள். மூன்று பாடல்களைக் கேளுங்கள். தாளம் நின்றதா, சுருதி சேர்ந்ததா, பாடகரின் குரலுக்கு இடம் விட்டானா என்று கேளுங்கள். குறை கண்டால் திருப்பி அனுப்புங்கள். அவனும் வருந்தமாட்டான், நானும் எழுதமாட்டேன். அவன் கையில் இருந்தது என்ன என்பதை மட்டும், வேட்டியை அவிழ்த்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.